கடல் எச்சரிக்கைகளைப் படித்து ஏவுகணைச் சோதனையைப் பின்தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

வங்கக் கடலில் நீண்ட தூர ஏவுகணைச் சோதனை நடக்கப்போகிறது என்றால், கப்பலும் விமானமும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது. அதனால் நாள், நேரம், இடம் மூன்றையும் முன்கூட்டியே எல்லாரும் படிக்கும்படி அறிவிக்கிறார்கள். இதைப் படிக்க விசேஷ அனுமதி எதுவும் வேண்டாம். பொறுமை வேண்டும், வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும்.

பாம்பனில் கல்லூரி மாணவர்கள் சிலரோடும் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து இந்த வேலையைப் பல மாதங்களாகச் செய்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஒரே இடத்தில் இடறுகிறார்கள். எச்சரிக்கையை முழுதாகப் படிக்கும் முன்பே ஏவுகணையின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் படிப்பதெல்லாம் அந்தப் பெயருக்கு ஆதாரம் தேடுவதாக ஆகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையில் பெயர் கடைசிப் பக்கம்தான் வரும். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கணினி, அதில் கூகுள் எர்த். கைபேசியிலும் செய்யலாம், ஆனால் புள்ளிகளைத் திருத்துவது சிரமம். ஒரு நீளமான கணக்கு நோட்டு. ஒரு பென்சில்.

மூன்று கணக்குகள் மனதில் நிற்க வேண்டும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது 60 நிமிடம், அதாவது சுமார் 60 கடல் மைல் அல்லது 111 கி.மீ. யு.டி.சி. (உலகப் பொது நேரம்) நேரத்தோடு 5 மணி 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம்.

இடங்களின் புள்ளிகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒடிசா கரைக்கு அப்பால் அப்துல் கலாம் தீவு (2015 வரை வீலர் தீவு) சுமார் 20-45 வடக்கு (அதாவது 20 டிகிரி 45 நிமிடம்), 87-05 கிழக்கு. ஸ்ரீஹரிகோட்டா 13-43 வடக்கு, 80-14 கிழக்கு. விசாகப்பட்டினம் 17-42 வடக்கு, 83-18 கிழக்கு. ராமேசுவரம் 9-17 வடக்கு, 79-19 கிழக்கு. சொந்த ஊரின் புள்ளி எதற்கு என்று கேட்பார்கள். உங்கள் கணக்கு சரியா என்று சோதிக்க உங்களுக்குத் தெரிந்த இடம்தான் உதவும்.

2. எச்சரிக்கை எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்வது

கடல் எச்சரிக்கைகளுக்காக உலகக் கடலை நவ்ஏரியா என்ற 21 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கடல் எட்டாவது. அதற்கு ஒருங்கிணைப்பாளர் இந்தியா. டேராடூனில் இருக்கும் தேசிய நீர்ப்பரப்பாய்வு அலுவலகம் அந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது, தன் இணையதளத்திலும் போடுகிறது. கப்பல்களுக்கு இவை செயற்கைக்கோள் வழியே சேஃப்டிநெட் என்ற சேவையில் போகின்றன. கரையோரக் கடலுக்கு நாவ்டெக்ஸ் என்ற வானொலிச் சேவை இருக்கிறது, 518 கிலோஹெர்ட்ஸில்.

இரண்டாவது வழி, அமெரிக்க அரசின் வரைபட, புவியியல் உளவு முகமையான என்.ஜி.ஏ. வெளியிடும் ஹைட்ரோபேக் என்ற எச்சரிக்கை வரிசை. இந்தியப் பெருங்கடலுக்கான எச்சரிக்கைகள் இதிலும் வரும். ஒன்றில் எண் தவறாக அச்சாகியிருந்தால் மற்றதில் தெரிந்துவிடும் என்பதால் நான் இரண்டையும் பார்ப்பேன்.

மூன்றாவது, விமானங்களுக்கு விடும் எச்சரிக்கை அறிவிப்பான நோட்டாம். வான்வெளியை எஃப்.ஐ.ஆர். என்ற பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக விடுகிறார்கள். காவல் நிலைய எஃப்.ஐ.ஆர். அல்ல இது, விமானத் தகவல் பகுதி. வங்கக் கடலுக்கு நமக்கு வேண்டியவை சென்னையும் கொல்கத்தாவும். சென்னையின் குறியீடு வி.ஓ.எம்.எஃப்., கொல்கத்தாவுடையது வி.இ.சி.எஃப். தெற்கே நீளும் எச்சரிக்கை என்றால் கொழும்பு, ஜகார்த்தா, மெல்பர்ன் பகுதிகளையும் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் படத்திலிருந்து தொடங்கவே கூடாது. அதில் இருப்பது யாரோ வரைந்த கோடு. அவர் செய்த பிழை உங்கள் நோட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

3. மூல வாசகத்தை அப்படியே எடுத்து வைப்பது

எச்சரிக்கை கண்ணில் பட்டதும் முதல் வேலை, அதை எழுத்து மாறாமல் நகலெடுத்து ஒரு கோப்பில் சேமிப்பது. எண், ஆண்டு, நீங்கள் பார்த்த தேதி மூன்றும் அதன் மேலே இருக்கட்டும்.

காலம் முடிந்த எச்சரிக்கை பட்டியலிலிருந்து போய்விடும் என்பதுதான் காரணம். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டவர்கள், ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எண்களைச் சொல்லி வாக்குவாதம் செய்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். நினைவிலிருந்து எண் எழுதக் கூடாது.

எண் வரிசை ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆண்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்தால், பிற்பாடு அது எந்த எச்சரிக்கை என்றே தெரியாது.

4. ஏவுகணை சம்பந்தமில்லாததைக் கழிப்பது

நவ்ஏரியா எட்டின் பட்டியலைத் திறந்தால் பெரும்பாலானவை வேறு விஷயங்கள். கடலடிக் கேபிள் போடுகிறார்கள், எண்ணெய்த் துரப்பண மேடை இடம் மாறுகிறது, மிதவையில் விளக்கு அணைந்திருக்கிறது, மூழ்கிய படகு கிடக்கிறது. இவற்றை ஒதுக்குங்கள். ஆனால் ஒரு தடவையாவது முழுப் பட்டியலையும் படியுங்கள். வழக்கமான எச்சரிக்கை எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும்.

தேட வேண்டிய சொற்கள்: ராக்கெட் லாஞ்சிங், மிசைல் ஃபயரிங், எக்ஸ்பெரிமென்டல் ஃபிளைட் வெஹிக்கிள், ஹசார்டஸ் ஆபரேஷன்ஸ், ஸ்பேஸ் டெப்ரி. மூலத்தில் இவை ஆங்கிலத்தில், பெரும்பாலும் பெரிய எழுத்துகளில் இருக்கும்.

'கன் ஃபயரிங்' என்று இருந்தால் அது துப்பாக்கி, பீரங்கிப் பயிற்சி. நம் மன்னார் வளைகுடாப் பக்கம் வரும் அறிவிப்புகளில் இந்த வகை உண்டு. பரப்பு சிறியதாக இருக்கும். நோட்டாமின் வரிகளுக்கு ஆங்கில எழுத்தில் குறி இருக்கும்; கடைசியில் வரும் எஃப், ஜி வரிகள் கீழ், மேல் உயரங்களைச் சொல்லும். மேல் வரம்பு சில ஆயிரம் அடியோடு நின்றால் அது ஏவுகணைப் பாதை அல்ல. 'அன்லிமிடெட்' என்று இருந்தால் தொடர்ந்து பாருங்கள்.

5. நேரத்தை மாற்றுவது

இதைப் புள்ளிகளுக்கு முன்னால் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரைபடம் வரைந்துவிட்டால் கண் அதிலேயே நின்றுவிடும், நேரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நோட்டாமில் பி வரி தொடக்கம், சி வரி முடிவு. பத்து இலக்கங்கள் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், ஒவ்வொன்றும் இரண்டிரண்டு இலக்கம். 2611032030 என்று இருந்தால் 2026 நவம்பர் 3, யு.டி.சி. 20:30. ஐந்தரை மணி கூட்டுங்கள். நம் கணக்கில் அது நவம்பர் 4, அதிகாலை 2:00.

தேதி மாறியதைக் கவனித்தீர்களா? எங்கள் குழுவில் பாதிப் பேர் மணியைக் கூட்டிவிட்டுத் தேதியை அப்படியே விட்டார்கள். யு.டி.சி. 18:30-க்கு மேல் எது வந்தாலும் நமக்கு மறுநாள். நோட்டில் இரண்டு நேரத்தையும் அடுத்தடுத்து எழுதுங்கள், யு.டி.சி.யை அழிக்க வேண்டாம்.

டி வரி இருந்தால் அதுதான் தினசரி நேரம். பி, சி இரண்டும் நான்கைந்து நாளைக் காட்டும். டி வரி, அந்த நாள்களில் எந்த மணி முதல் எந்த மணி வரை என்று சொல்லும். இதை விட்டுவிட்டு 'ஐந்து நாளும் கடல் மூடியிருக்கும்' என்று ஊரில் சொல்லிவிட்டால் வீண் பதற்றம்.

ஐந்து நாள் என்றால் ஐந்து சோதனை என்றும் அர்த்தமில்லை. வானிலை, கருவிக் கோளாறு இவற்றுக்காகக் கூடுதல் நாள் கேட்டு வைப்பது வழக்கம். இந்தியாவும் பாகிஸ்தானும் 2005 அக்டோபரில் செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே, குறைந்தது 3 நாள் முன்பு தகவல் தர வேண்டும், ஏவும் காலம் 5 நாள் என்று இருக்கிறது. அது இரு அரசுகளுக்கு இடையே போகும் தகவல், நாம் படிக்கும் எச்சரிக்கை வேறு. ஆனாலும் ஒரு சோதனைக்குப் பல நாள்களை ஒதுக்குவது ஏன் என்பது இதிலிருந்து புரியும்.

6. புள்ளிகளை மாற்றுவது

அதிகம் தவறு நடக்கிற இடம் இது. நிதானமாகச் செய்யுங்கள்.

கடல் எச்சரிக்கையில் 09-17.00 என்று இருந்தால் அது 9 டிகிரி, 17 நிமிடம். 9.17 டிகிரி அல்ல. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 17-ஐ 60-ஆல் வகுத்தால் 0.283. ஆக 9.283 டிகிரி. அப்படிச் செய்யாமல் ராமேசுவரத்தின் புள்ளியை 9.17, 79.19 என்று கூகுள் எர்த்தில் இட்டுப் பாருங்கள். கோயில் இருக்க வேண்டிய இடத்தில் மன்னார் வளைகுடாத் தண்ணீர் தெரியும். அட்சரேகையில் மட்டுமே பன்னிரண்டு, பதின்மூன்று கி.மீ. தவறு. ஒவ்வொரு புதியவரையும் முதலில் இந்தத் தவறை வேண்டுமென்றே செய்து பார்க்கச் சொல்கிறேன், ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

நோட்டாமில் இடைக்கோடு இருக்காது. 091700 என்று ஆறு இலக்கம் வந்தால் 9 டிகிரி, 17 நிமிடம், 0 விநாடி. 0917 என்று நான்கு இலக்கம் வந்தால் விநாடி இல்லை. தீர்க்கரேகைக்கு ஓர் இலக்கம் கூடும்: 0791900. முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு இலக்கங்களை இடமிருந்து வெட்டினால் 79 டிகிரி என்பது 791 டிகிரி ஆகிவிடும்.

ஜி.பி.எஸ்.-இல் பாயின்ட் போட்டுப் பழகிய படகுக்காரர்களுக்கு இதெல்லாம் கை வந்த கலை. அவர்கள் கருவியில் பெரும்பாலும் டிகிரியும் நிமிடமும்தான் ஓடும். எங்கள் குழுவில் கணினி படித்த பிள்ளைகள்தான் இந்த இடத்தில் தவறினார்கள், வல்லத்தில் போகும் பையன் தவறவில்லை. வீட்டில் கடலுக்குப் போகிறவர் இருந்தால் அவரிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

7. பரப்பை வரைவது

பயிற்சிக்காக நானே எழுதிய நான்கு மூலைகள் இவை. உண்மையான எச்சரிக்கை அல்ல.

முதல் மூலை: 20-45.00 வடக்கு, 086-55.00 கிழக்கு.
இரண்டாவது: 20-45.00 வடக்கு, 087-15.00 கிழக்கு.
மூன்றாவது: 05-45.00 வடக்கு, 088-30.00 கிழக்கு.
நான்காவது: 05-45.00 வடக்கு, 085-40.00 கிழக்கு.

கூகுள் எர்த்தில் பலகோணம் வரையும் கருவியை எடுத்து, எச்சரிக்கையில் எழுதியிருக்கும் அதே வரிசையில் மூலைகளை இணையுங்கள். வரிசை மாறினால் கோடுகள் குறுக்கே வெட்டி, பட்டாம்பூச்சி மாதிரி ஓர் உருவம் வரும். அப்படி வந்தால் இரண்டு மூலைகளை இடம் மாற்றிவிட்டீர்கள், அல்லது ஓர் எண்ணைத் தவறாக மாற்றிவிட்டீர்கள். உருவம் 'சரியாகத் தெரியும்வரை' மூலைகளைக் கையால் நகர்த்தாதீர்கள். மூல வாசகத்துக்குத் திரும்புங்கள்.

மேலே சொன்ன நான்கு மூலைகளும் வடக்கே குறுகி, தெற்கே விரியும் பட்டையாக வரும். ஏவும் முனையில் பாதை எங்கே தொடங்குகிறது என்று நிச்சயம். தூரம் போகப் போகச் சிறு விலகலும் பெரிதாகும் என்பதால் விழும் முனையை அகலமாக ஒதுக்குகிறார்கள்.

8. துண்டுகளைச் சேர்ப்பது

ஒரே பாதை இரண்டு மூன்று எஃப்.ஐ.ஆர். வழியே போனால் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வரும் பகுதியைத் தனி நோட்டாமாக விடும். சென்னையுடையதை மட்டும் வரைந்துவிட்டு 'தூரம் இவ்வளவுதான்' என்று சொன்னால் பாதிப் பாயைப் பார்த்து முழு அளவைச் சொன்ன மாதிரி.

கடல் எச்சரிக்கையிலும் இதே எல்லைப் பிரச்சினை உண்டு. தென்கிழக்கே வெகுதூரம் போனால் ஆஸ்திரேலியா பார்க்கும் நவ்ஏரியா பத்துக்குள் நுழையும். அரபிக்கடலின் வடபகுதி பாகிஸ்தான் ஒருங்கிணைக்கும் ஒன்பது.

ஒரே நாள், ஒரே நேரம், ஒன்றை ஒன்று தொடும் ஓரங்கள். இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும் துண்டுகளை ஒன்றாகச் சேருங்கள். நேரம் பொருந்தாவிட்டால் பக்கத்தில் இருந்தாலும் அது வேறு வேலை.

9. நீளத்தை அளப்பது

ஏவும் முனையின் நடுவிலிருந்து தூரத்து ஓரத்தின் நடுவரை அளவுகோலை இழுங்கள். நம் பயிற்சிப் பட்டையில் 20-45-லிருந்து 05-45 வரை சரியாக 15 டிகிரி. 900 கடல் மைல், கையால் கணக்கிட்டால் 1,667 கி.மீ. கூகுள் எர்த் இதிலிருந்து சில கி.மீ. மாறிக் காட்டலாம், ஏனென்றால் பூமி சரியான உருண்டை இல்லை. இந்த வேறுபாடு பரவாயில்லை. நூறு கி.மீ. வேறுபட்டால் எங்கோ எண் தவறு.

தட்டையான வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளக்கக் கூடாது. உருண்டையைத் தட்டையாக்கும்போது தூரங்கள் நீண்டுவிடும். நீளமான பாதையில் பிழை அதிகம்.

10. ஏவும் முனையைப் பார்த்த பிறகே ஊகம்

குறுகிய முனை எங்கே இருக்கிறது? அப்துல் கலாம் தீவு அல்லது அதே ஒடிசாக் கரையில் இருக்கும் சண்டிப்பூர் பக்கம் என்றால் டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு) சோதனையாக இருக்க வாய்ப்பு அதிகம். விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நடுக்கடலில் தொடங்கினால் நீர்மூழ்கியிலிருந்தோ கப்பலிலிருந்தோ ஏவும் சோதனையாக இருக்கலாம். ஸ்ரீஹரிகோட்டா என்றால் இஸ்ரோ ராக்கெட்.

இஸ்ரோ ஏவுதலை உருவத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம். ஏவுதளத்தைச் சுற்றி ஒரு வட்டமும், ராக்கெட்டின் கழன்ற பகுதிகள் விழும் இடங்களில் தனித்தனிக் கட்டங்களும் இருக்கும், நடுவே வெற்றிடம். ஏவுகணைச் சோதனை பெரும்பாலும் ஒரே தொடர்ந்த பட்டை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து ராக்கெட்டுகள் போகத் தொடங்கினால், இந்தக் கட்டங்களைப் படிக்கும் வேலை நம் தென்கடல் மீனவர்களுக்கு வாசல் வரை வந்துவிடும். இப்போதே பழகச் சொல்வது அதனால்தான்.

சரி, இப்போது பெயர். பொதுவில் சொல்லப்படும் தூரங்கள்: பிருத்வி-2 சுமார் 350 கி.மீ., அக்னி-பி 1,000 முதல் 2,000, அக்னி-2 சுமார் 2,000, அக்னி-3 சுமார் 3,000, அக்னி-4 சுமார் 4,000, அக்னி-5 5,000-க்கு மேல், நீர்மூழ்கியிலிருந்து ஏவும் கே-4 சுமார் 3,500. நம் பயிற்சிப் பட்டை 1,667 கி.மீ. அப்படியானால் அக்னி-பி தானே?

இல்லை, அப்படி எழுதக் கூடாது. நீண்ட தூர ஏவுகணையை வேண்டுமென்றே குறைந்த தூரத்துக்கு ஏவலாம். அதிக உயரத்துக்கு அனுப்பி அருகிலேயே விழவைக்கலாம். பட்டையின் கடைசி ஓரம் என்பது பாதுகாப்புக்காக ஒதுக்கிய எல்லை, விழும் புள்ளி அல்ல. நீளம் ஒன்றை மட்டும் உறுதியாக விலக்க உதவும்: 1,667 கி.மீ. பட்டை பிருத்வி-2-க்கு வராது. நோட்டில் 'இது அல்ல' என்று ஒரு பத்தியும், 'இருக்கலாம்' என்று ஒரு பத்தியும் போடுங்கள். 'இதுதான்' என்ற பத்தி வேண்டாம்.

11. மாற்றமும் ரத்தும்

வரைந்து முடித்ததோடு விட்டுவிடாதீர்கள். அறிவித்த கடைசி நாள் வரை தினமும் ஒரு தடவை பட்டியலைப் பாருங்கள். நோட்டாம் எண்ணுக்குப் பின்னால் வரும் சொல்லின் கடைசி எழுத்து என் என்றால் புதியது, ஆர் என்றால் பழையதை மாற்றுவது, சி என்றால் ரத்து. கடல் எச்சரிக்கையின் கடைசி வரியில் எந்த நேரத்தில் அது தானாக முடியும் என்றோ, முந்தைய எந்த எண்ணை ரத்து செய்கிறது என்றோ இருக்கும். நடப்பில் இருக்கும் எண்களின் பட்டியலை நவ்ஏரியா ஒருங்கிணைப்பாளர் வாரம் ஒரு தடவையாவது வெளியிட வேண்டும் என்பது விதி. அதையும் ஒப்பிடுங்கள்.

பட்டையின் நீளம் கூடினாலோ நாள் தள்ளிப்போனாலோ பழையதன் மேல் எழுதாமல் புதிய வரியாகப் பதியுங்கள். ஏன் மாற்றினார்கள் என்பது எச்சரிக்கையில் இருக்காது. காரணம் கற்பித்து எழுதுவதைவிட, மாறிய தேதியைச் சரியாக எழுதி வைப்பது பயன்படும்.

12. கடலுக்குப் போகிறவர்களிடம் சொல்லும்போது

இந்த வேலையில் எனக்கு அதிகம் கவலை தரும் பகுதி இது. ஒருமுறை நேரத்தை மாற்றாமல் யு.டி.சி.யிலேயே யாரோ அனுப்பிய தகவலை நம்பி, எங்கள் பக்கத்து நாட்டுப்படகுக்காரர் ஒருவர் காலை மீன்பிடிப்பை விட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கு வருமானம் இல்லை. எதிர்மாறாக, ஆபத்தான நேரத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

அதனால் நம் வரைபடத்தை வைத்து யாரையும் போகலாம் என்றோ போக வேண்டாம் என்றோ சொல்லக் கூடாது. மீன்வளத் துறையின் அறிவிப்பும் கடலோரக் காவல் படையின் சொல்லும்தான் முடிவு. கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554, கடலில் வி.எச்.எஃப். 16-ஆம் சேனல். ஆழ்கடலுக்குப் பல நாள் ஓட்டம் போகும் படகுகளுக்கு எச்சரிக்கையின் எண்ணையும் இந்திய நேரத்தையும் சொல்லி, துறையிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, கரை நெடுக ரேடார்களும் இருக்கின்றன. அவற்றைப் படம் எடுப்பதோ டிரோன் விடுவதோ இந்த வேலையில் சேராது. வெளியிடப்பட்ட எழுத்தைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

13. சோதனைக்குப் பிறகு வரியை முடிப்பது

ஏவுதல் நடந்திருந்தால் பல நேரங்களில் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அன்றோ மறுநாளோ செய்தி வெளியிடும். 2024 மார்ச் 11-இல் பல இலக்குகளைத் தாக்கும் அக்னி-5 சோதனையை அன்றே அறிவித்தார்கள். செய்தியில் வரும் தேதி, இடம், பெயர் மூன்றையும் உங்கள் நோட்டில் அந்த எச்சரிக்கைக்கான வரிக்கு எதிரே எழுதுங்கள்.

செய்தி எதுவும் வரவில்லை என்றால் 'தோல்வி' என்று எழுத வேண்டாம். நடக்காமல் போயிருக்கலாம், தள்ளிப்போயிருக்கலாம், நடந்தும் அறிவிக்காமல் விட்டிருக்கலாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பென்சிலில் தேதி மட்டும் போட்டு வையுங்கள். சில வாரம் கழித்து அதே முனையிலிருந்து அதே நீளத்தில் இன்னொரு எச்சரிக்கை வந்தால், திரும்பிப் பார்க்க வேண்டிய வரி அதுதான்.